எந்தப் பக்கமாகச் சுத்துறது

குமுளி

பாப்பா,

இங்கிலாந்தில், யார்க்ஷயர்ப் பக்கம் மூணு மலை சுத்தி நடக்கப் போறேன்னு நீ அனுப்பின வழிப் படத்தை ராத்திரி பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தோம். 24 மைல், 12 மணி நேரத்துக்குள்ளே முடிக்கணுமாமே! மூணில் பெரிய வெர்ன்சைடே 736 மீட்டர்தானா, நம்ம வீட்டு வாசலே அதைவிட உசரம்னு அப்பா சிரிச்சார். ஆனா ஹார்ட்டன் கிராமத்தில் கிளம்பி பென்னிகெண்ட், வெர்ன்சைடு, இங்கிள்பரோன்னு மூணு மலையும் போனா இடமாச் சுத்துற மாதிரி ஆகுதாம். "திருவண்ணாமலையில 14 கிலோமீட்டரும் வலமாத்தானே போனோம், இவ என்ன அப்பிரதட்சணமாப் போறா?"ன்னு ஒரே புலம்பல்.

நீ இடமாவே போ.

ஒரு சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு இங்கேயிருந்து ஜீப்பில் ஏறிட்டு, பளியங்குடிப் பாதையில் நடந்து இறங்கலாம்னு நான்தான் சொன்னேன். இறக்கம்தானேங்கிற நினைப்பு. உன் பழைய ஸ்கூல் ஷூ வேறே. பாதி வழியிலேயே முட்டி கிடுகிடுன்னு ஆட ஆரம்பிச்சிடுச்சு. ஒரு கல்லில் கால் வெச்சா அடுத்த கால் வர மாட்டேங்குது. ஷூவுக்குள்ளே பெருவிரல் இடிச்சு இடிச்சு நகம் கறுத்து, ஆடி மாசம்தான் விழுந்தது. ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்க ஒரு வாரம் சம்மணம் போட முடியலை. ஏறும்போது வாங்கின மூச்சு உட்கார்ந்தா திரும்பி வந்துடும், முட்டி வராதுடி.

பென்னிகெண்ட் மூக்கு மாதிரி நிக்குதே, அந்தப் பாறையைக் காலையிலேயே கை ஊன்றி ஏறிடு. வலமாப் போனா சாயங்காலம், ஓய்ஞ்ச காலோட, அதிலே இறங்கணும். இங்கிள்பரோ கல்படியும் இடமாப் போனாத்தான் ஏத்தம். அதுக்கப்புறம் ஹார்ட்டன் வரைக்கும் மெதுவான சரிவுதான்னு நீயே எழுதியிருக்கே. முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் போறாங்கன்னா ஒத்தையடிப் பாதையில் எதிரே வர்றவங்களுக்கு ஒதுங்கி நிக்கவும் வேண்டாம். வெர்ன்சைடு இறக்கம் மட்டும் செங்குத்து, குச்சி இல்லாம இறங்காதே.

ரிபிள்ஹெட்டில் அந்த 24 வளைவு ரயில் பாலத்துக்கிட்ட உட்கார்ந்து சாப்பிடு. முட்டி லேசா முனகினாலும் அங்கேயே ரயிலேறிடு, அடுத்த ஸ்டேஷன் ஹார்ட்டன்தான். முதல் நாளே கால் நகத்தை வெட்டிடு.

அப்பா இன்னும் சமாதானமாகலை. ஹார்ட்டனில் ஒரு பழைய சர்ச் இருக்காமே, முடிச்சதும் அதையாவது மூணு தடவை வலமாச் சுத்திடச் சொல்றார். கால் இருந்தா சுத்து.

அம்மா