பொன்டூன் படகுக்கு எந்த ட்ரெய்லர்? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஒன்ராறியோவின் ஸ்கூகோக், சிம்கோ, ரைஸ் லேக் ஏரிகள் பக்கம் படகு இறக்கும் காலம் நெருங்குகிறது. வழக்கமாக இந்த நேரத்தில் உங்களுக்கு விலைப்பட்டியல் மட்டும்தான் அனுப்புவோம். இம்முறை கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது.

விலை ஏறியிருப்பது உங்களுக்குத் தெரியும். 2025 மார்ச்சில் அமெரிக்கா எஃகுக்கும் அலுமினியத்துக்கும் 25% வரி போட்டது, ஜூனில் அதை 50% ஆக்கியது. கனடாவும் பதிலுக்கு அமெரிக்க எஃகு, அலுமினியப் பொருட்களுக்கு 25% வரி வைத்தது. ட்ரெய்லர் என்பது முழுக்க எஃகும் அலுமினியமும்தான். இதை யாரும் எங்களிடம் குறையாகச் சொல்லவில்லை. அதற்கு நன்றி.

எங்களுக்கு வலிப்பது வேறொன்று. “சிசர் ட்ரெய்லர் பாதி விலைக்குக் கிடைக்கும், இவர்கள் அதை ஒளித்து வைத்துவிட்டு இரட்டை அச்சு ட்ரெய்லரைத் தலையில் கட்டுகிறார்கள்” என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. நாங்கள் எதையும் ஒளிக்கவில்லை. சிசர் ட்ரெய்லர் எங்கள் முற்றத்திலேயே நிற்கிறது, வாடகைக்கும் கொடுக்கிறோம். நெடுஞ்சாலையில் 22 அடிப் படகை இழுக்கப் போகிறவருக்குத்தான் விற்பதில்லை. ஏன் என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறோம்.

பொன்டூன் படகு என்பது நீளமான அலுமினியக் குழாய்களின் மேல் தட்டையான தளம் வைத்து மிதக்கும் படகு. அதற்குப் பொதுவாக இரண்டு வகை ட்ரெய்லர். ஒன்று பலகை ட்ரெய்லர். குழாய்களின் நீளத்துக்கும் பலகைகள் ஓடும், குழாய் அதில் படுத்திருக்கும், பாரம் நீளமாகப் பரவும். சில்லுகள் குழாய்களுக்குக் கீழே ஏறக்குறைய படகின் அகலத்துக்கே விலகி ஓடுவதால் நிலை உறுதியாக இருக்கும். மற்றது சிசர் ட்ரெய்லர். இரண்டு குழாய்களுக்கும் நடுவே நுழைந்து, தளத்தின் குறுக்குச் சட்டங்களில் முட்டுக்கொடுத்து, கத்தரிக்கோல் மாதிரி விரிந்து படகைத் தூக்கும்.

நடுவே நுழைவதால் அது ஒடுங்கியே இருந்தாக வேண்டும். எட்டரை அடி அகலப் படகில் 25 அங்குலக் குழாய் இரண்டு இருந்தால் இடையில் மிஞ்சுவது நாலடிக்குச் சற்று அதிகம். அந்த ஒடுக்கமான தடத்தின் மேல் எட்டரை அடி அகலத் தளம், வேலி, இருக்கைகள், மடித்த கூரை எல்லாம் உயரத்தில் உட்கார்ந்திருக்கும். 401ஆம் நெடுஞ்சாலையில் பக்கத்தில் ஒரு பாரவண்டி கடந்து போகும்போதும், 35ஆம் அல்லது 115ஆம் நெடுஞ்சாலையில் திறந்த வயல்வெளியில் குறுக்குக் காற்று அடிக்கும்போதும், அந்த வேலியும் தளமும் பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும். பலகை ட்ரெய்லரில் அது ஒரு தள்ளல். ஒடுங்கிய ட்ரெய்லரில் அது ஒரு சரிவு. வளைவில் வேகமாகத் திரும்பினால் உட்பக்கச் சில்லு இலேசாகும்.

இன்னும் இருக்கிறது. பல புதிய படகுகளில் தளத்துக்கு அடியில் மெல்லிய அலுமினியத் தகடு அடித்திருப்பார்கள், அலை தளத்தில் மோதாமலிருக்க. தூக்கும் முட்டு சட்டத்தில் படாமல் அந்தத் தகட்டில் பட்டால் நசுங்கும். தகட்டுக்கு மேலே ஓடும் வயரும் எரிபொருள் குழாயும் சேர்ந்து நசுங்கலாம். தூக்கும் கம்பிவடம் பிய்ந்தால் படகு ஒரே அடியாக இறங்கும். அதற்காகத்தான் பூட்டு ஊசி இருக்கிறது. அதைப் போடாமல் ஓடும் ட்ரெய்லர்களை நாங்கள் பட்டறையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மூன்று குழாய்ப் படகுக்கு வழக்கமான சிசர் சரிவரவே வராது, அது நுழையும் இடத்தில்தான் நடுக்குழாய் நிற்கிறது.

சிசர் எதற்கு நல்லது? கொட்டேஜ் முற்றத்திலிருந்து அதே ஏரிக்கு இறக்க, பனிக்காலத்துக்குப் படகைக் கட்டைகளில் இறக்கிவிட்டு ட்ரெய்லரை உருவி எடுக்க. இரண்டு கிலோமீற்றருக்குள் மெதுவாகப் போவதென்றால் அதைவிட வசதியானது இல்லை. அப்படியானவர்களுக்கு வாடகைக்கு எடுக்கச் சொல்லித்தான் நாங்களே சொல்கிறோம்.

“சிசர் பாரம் குறைவு, என் வான் வண்டி இழுக்கும்” என்பது அடுத்த வாதம். கணக்கைப் பார்ப்போம். ஒரு 22 அடிப் படகு, விற்பனைத் தாளில் 2,200 இறாத்தல். அந்த எண்ணில் பெரும்பாலும் எஞ்சின் சேர்ந்திருக்காது. 115 குதிரைவலு எஞ்சின் சுமார் 375. எரிபொருள் 110 லீற்றர் என்றால் ஏறக்குறைய 180. பற்றரி 50. நங்கூரம், உயிர்காப்பு அங்கிகள், குளிர்பெட்டி, கயிறு, மூடுபடங்கு எல்லாம் 250. படகு மட்டும் 3,055 ஆகிவிட்டது. இரட்டை அச்சுப் பலகை ட்ரெய்லரின் சொந்தப் பாரம் 1,100 என்று வைத்தால் மொத்தம் 4,155 இறாத்தல், அதாவது கிட்டத்தட்ட 1,885 கிலோ. சிசர் 400 இறாத்தல் குறைவாக இருந்தாலும் 3,755. டொயோட்டா சியன்னாவின் இழுவை எல்லை 3,500. எந்த ட்ரெய்லரை வாங்கினாலும் அந்த வான் அந்தப் படகுக்குப் போதாது. ட்ரெய்லரை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. வாகனத்தின் கையேட்டில் இழுவை எல்லையும், நாக்குப் பாரத்தின் (ட்ரெய்லரின் முன்முனை வாகனத்தின் கொளுவியில் அமுக்கும் பாரம்) எல்லையும் இரண்டும் இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

இந்த மொத்தத்துக்கு மேல் 15% இடைவெளி விட்டு, ட்ரெய்லரின் விவரத் தகட்டில் 4,800 இறாத்தலுக்குக் குறையாமல் மொத்த எல்லை எழுதியிருக்கும் ட்ரெய்லரை எடுங்கள். 24 அடி மூன்று குழாய்ப் படகென்றால் 6,000 பக்கம் போகும். தகட்டில் உள்ள எண் ட்ரெய்லரும் படகும் சேர்ந்தது. பழைய ட்ரெய்லர் வாங்குகிறவர்கள் அதையே படகின் பாரம் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். அதைவிட மோசம், தகடு சரியாக இருந்தும் யாரோ ரயரை மாற்றியிருப்பது. 175/80 அளவு 13 அங்குல ‘சி’ தர ட்ரெய்லர் ரயர் ஒன்று 50 பிஎஸ்ஐ காற்றில் 1,360 இறாத்தல்தான் தாங்கும். இரண்டு ரயர் 2,720. அச்சில் 3,500 என்று அடித்திருந்தாலும் உங்கள் எல்லை 2,720தான். காற்று 35இல் இருந்தால் அதுவும் இல்லை, பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். இரட்டை அச்சில் அதே ரயர் நான்கு, 5,440. ஒன்று வெடித்தாலும் ஓரமாக நிறுத்துமட்டும் மற்ற மூன்றும் தாங்கும். நாங்கள் இரட்டை அச்சைச் சொல்வது இதனால்தான்.

பிரேக் விஷயத்தில் எங்களுக்கு வேறு வழியே இல்லை. ஒன்ராறியோவில் ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்து 1,360 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் பிரேக் கட்டாயம். தண்ணீரில் முங்குவதால் படகு ட்ரெய்லருக்கு இணைப்பிலேயே அமுங்கி வேலை செய்யும் ஹைட்ரோலிக் பிரேக்கைத்தான் போடுகிறோம். அதில் ஒரு சிக்கல் எல்லோருக்கும் வருகிறது: பின்னால் எடுக்கும்போது, அதுவும் ஏற்றத்தில், பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ரிவர்ஸ் விளக்கின் மின்சாரம் ட்ரெய்லருக்குப் போனால்தான் அந்தப் பிடி விடும். நான்கு முனைச் செருகியில் அந்த வயர் இல்லை, ஐந்து முனை வேண்டும். “புது ட்ரெய்லர் பின்னால் போகவில்லை” என்று வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இதுதான். இறங்குதுறையில் செருகியைக் கழற்றும் பழக்கமும் இந்த வகையில் ஆகாது. எல்ஈடி விளக்குகள் முழுக்க அடைத்தவை, செருகி இருக்கட்டும்.

பலகைக்கு வருவோம். குழாயின் நீளத்தை அளந்துதான் ட்ரெய்லர் எடுக்க வேண்டும், படகின் மாதிரிப் பெயரில் உள்ள எண்ணை நம்பி எடுக்கக் கூடாது. தளமும் குழாயும் ஒரே நீளமாக இருக்காது. குழாயின் பின்முனை பலகையைத் தாண்டி நீண்டு தொங்கினால், எஞ்சினின் பாரம் முழுக்க அந்தத் தொங்கலில் விழுந்து ஒவ்வொரு குழியிலும் குழாயின் ஒட்டுகளை அசைக்கும். பலகை இரண்டிரண்டாகக் குழாயை இருபுறமும் அணைத்து நிற்க வேண்டும், அடியில் ஓடும் ஒட்டுப்பட்டை இடையில் வர வேண்டும்.

பலகையின் மரம் இன்னும் முக்கியம். மரக்கடையில் கிடைக்கும் பச்சை நிறப் பதப்படுத்திய மரத்தில் செம்பு இருக்கிறது. அதன் மேல் கம்பளம் சுற்றி, ஈரம் காயாமல், அலுமினியக் குழாயை ஆறு மாதம் அதில் கிடத்தினால் செம்பு அலுமினியத்தை அரிக்கும். படகைத் தூக்கிப் பார்த்தால் பலகை பட்ட கோட்டிலேயே வெள்ளைப் பொடி பூத்திருக்கும், அதை நகத்தால் சுரண்டினால் அடியில் குண்டூசித் தலையளவு குழிகள். பதப்படுத்திய மரம் ஏற்கெனவே இருந்தால் மேலே பிளாஸ்டிக் பட்டை அடித்து விடுங்கள். கம்பளம் களையையும் ஈரத்தையும் பிடித்து வைப்பதால் ஏரி மாற்றுகிறவர்களுக்கும் பிளாஸ்டிக்தான் நல்லது. 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் படகைத் தரைவழி கொண்டுபோகுமுன் வடிகால் அடைப்புகளைத் திறந்து, படகிலும் ட்ரெய்லரிலும் ஒட்டிய களைகளை நீக்கியிருக்க வேண்டும் என்பது சட்டம்.

நாக்குப் பாரம் மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம். நம் கணக்குக்கு 210 முதல் 415 இறாத்தல். குறைந்தால் ட்ரெய்லர் வால் ஆட்டும். ஆட்டம் தொடங்கினால் வாகனத்தின் பிரேக்கை மிதிக்காதீர்கள், வேகம் தானாகக் குறையும்படி எக்ஸிலறேற்றரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். பிறகு வின்ச் (படகை ட்ரெய்லரில் இழுத்து ஏற்றும் சுழலி) கம்பத்தை முன்னே நகர்த்திப் படகை முன்னுக்கு எடுக்க வேண்டும். நகர்த்தினால் பின்முனைத் தாங்கலையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பெயாரிங் பற்றி ஒன்று மட்டும். ஒரு மணித்தியாலம் ஓடிச் சூடான சில்லுக்குடத்தை உடனே குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கிப் பின்பக்க அடைப்பு வழியே தண்ணீரை உறிஞ்சும். கிறீஸ் பால் நிறமாகிவிடும், அடுத்த பயணத்தில் பெயாரிங் கத்தும். இறங்குதுறையில் கூரைப் படங்கைக் கழற்றுவது, பொருள் ஏற்றுவது எல்லாவற்றையும் முதலில் செய்யுங்கள், கை வைத்தால் சுடாத நிலைக்கு வந்த பிறகு இறக்குங்கள்.

பக்க வழிகாட்டிக் கம்பங்களும் முன்பக்க ஏணியும் தேவையில்லாத செலவு என்று சிலர் சொல்கிறார்கள். காற்றுள்ள நாளில் தனியாக இந்தப் படகை ட்ரெய்லரில் ஏற்றிப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

விலை கேட்க வரும்போது இவற்றைக் கொண்டு வாருங்கள்: மூக்கிலிருந்து பின்முனை வரை குழாயின் நீளம், குழாயின் விட்டம், ஒரு குழாயின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை தூரம், எஞ்சின் மாதிரி, வாகனக் கையேட்டின் இழுவைப் பக்கம், நீங்கள் வழக்கமாக இறக்கும் துறையின் பெயர். இவை இருந்தால் கால் மணித்தியாலத்தில் சரியான அளவைச் சொல்லிவிடலாம். எங்களிடம் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, கணக்கைச் செய்து தருகிறோம்.

எங்கள் ஒட்டுவேலைக்காரர் ஒருவர் விலகியிருக்கிறார். அதனால் சனிக்கிழமைகளில் பட்டறை நண்பகலோடு மூடப்படும். ஏப்ரல் முதல் பலகை, வின்ச் பொருத்துகூலி தனியாக வரும்.

பனியிலும் மழையிலும் வந்து, அண்ணன் தம்பி, மச்சான் என்று அடுத்தவரையும் எங்களிடம் அனுப்பி இந்தக் கடையை நிலைக்க வைத்தவர்கள் நீங்கள். அந்தக் குரல்பதிவைக் கேட்டதும் எங்களுக்காகக் குழுக்களில் பதில் எழுதியவர்களும் உங்களில் இருக்கிறார்கள். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. போன பருவம் எங்களிடம் ட்ரெய்லர் எடுத்தவர்கள் மே நீள்வார விடுமுறைக்கு முன் ஒருமுறை கொண்டு வாருங்கள். சில்லு நட்டுகளின் இறுக்கம், ரயர் காற்று, பெயாரிங் கிறீஸ் மூன்றையும் இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் பட்டறைப் பணியாளர்களும்