இடக்கையில் வாங்கிய டம்ளர்

குடியாத்தம்,
ஞாயிறு இரவு

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதுவது.

எல்லோரும் நலம். அம்மாவின் தோள் இறுக்கம் சற்றுத் தளர்ந்திருக்கிறது. நீ சொல்லிக் கொடுத்தபடி சுவரில் விரல்களை ஏறவிட்டுப் பழகுகிறாள். போன மாதம் நாள்காட்டி ஆணி வரை, இப்போது அதற்கு ஒரு சாண் மேலே. சர்க்கரைதான் இறங்க மறுக்கிறது. மாம்பழம் யார் வாங்கி வருவது என்று கேட்காதே.

வேளைக்குச் சாப்பிடு. பொங்கலுக்கு வந்தபோது காபி டம்ளரை இடக்கையில் வாங்கினாய். அம்மா கவனிக்கவில்லை, நான் கேட்கவில்லை. தலைமுடியைவிட மெல்லிய நூலால் நரம்பைத் தைப்பவள், மணிக்கணக்கில் குனிந்தே இருப்பவள், அலுப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

மரப்பட்டறைப் பையனின் விரல் துண்டானபோது, நேராகப் பனிக்கட்டியில் போடாதீர்கள், ஈரத்துணியில் சுற்றிப் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியில் வையுங்கள் என்று சொன்னவன் நான். விரல் ஒட்டிவிட்டது. தெருவில் என்னை ‘டாக்டர் அப்பா’ என்கிறார்கள். தறிக்காரனுக்கு அது எவ்வளவு ருசி தெரியுமா! ஊரார் கைக்கெல்லாம் உனக்கு நேரம் இருக்கிறது; வீட்டுக்கு ஒரு போன் போட மூன்று வாரமாகக் கை வரவில்லை. இந்த வரியை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.

1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிய விரல்களை, தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாணை இடம் மாற்றி நிமிர்த்தினார் என்று படிக்கும் காலத்தில் சொன்னாய். நம் வீட்டிலிருந்து வேலூர் ஒரு மணி நேர பஸ். அந்த பஸ்ஸில் ஏறாமல்தான், கொய்யா மரத்திலிருந்து விழுந்த தம்பியைக் கட்டு வைத்தியரிடம் தூக்கிப் போனேன். செலவுக்குப் பயந்தேன். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். இரவெல்லாம் விரல் மரத்துப்போகிறது என்று அழுதான். நீ கத்தரிக்கோலோடு வந்து நின்றாய், ‘வெட்டிவிடலாம் அப்பா’ என்று. எலும்பு விலகிவிடும் என்று உன்னை அதட்டினேன். ஆண்பிள்ளை அழலாமா என்று அவனையும் அதட்டினேன். விரல் நுனி நீலமாக இருந்ததை விளக்கைப் பிடித்துப் பார்த்தேன், செல்வி. இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைத்தேன்.

ரத்தம் போகாமல் ஆறு மணி நேரம் கிடந்தால் சதை செத்துவிடும் என்று பின்னாளில் நீ சொன்னபோது தறியை நிறுத்திவிட்டு எழுந்து போனேனே, அது இதனால்தான். வலியைச் சொன்ன பிள்ளைகளின் வாயை அடைத்தவனிடம் நீ மட்டும் எப்படிச் சொல்வாய்?

செவ்வாய்க்கிழமை தம்பி அங்கே வருகிறான். அம்மா முறுக்கும் மாவடுவும் கொடுத்தனுப்புகிறாள். மாவடு ஜாடி கனமானது. எந்தக் கையால் வாங்கினாய் என்று அவனிடம் கேட்பேன்.

அப்பா