திதி தெரியாத ஒருவருக்காக: தங்கவயல் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி கடைசி நாளோடு மூடப்பட்ட சுரங்கங்களின் நிலத்தையும் கட்டடங்களையும் பழைய பதிவேடுகளையும் இன்று எவரெவர் பொறுப்பில் வைத்திருக்கிறீர்களோ, நீங்கள் மத்திய அரசின் ஊழியராயினும் கர்நாடக அரசின் ஊழியராயினும், உங்கள் அனைவருக்கும் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து இந்த மடலை எழுதுகிறேன். நான் 41 ஆண்டுகள் கணக்கு எழுதிப் பிழைத்தவன். என் தகப்பனாரும் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஆகவே நான் கேட்கப்போவதும் ஒரு கணக்கைத்தான். தங்கவயலின் இடுகாடுகளில் புதைந்திருக்கும் தொழிலாளர்களின் பெயர், ஊர், இறந்த நாள், இறந்த காரணம் ஆகியவற்றை உங்கள் பதிவேடுகளிலிருந்து எடுத்து வெளியிட வேண்டும். அந்த இடுகாடுகளை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். இரண்டையும், பொன் எடுத்தபின் அங்கே கொட்டிவைத்த சயனைடு மண்மேடுகளில் கை வைப்பதற்கு முன் செய்து முடிக்க வேண்டும்.

என் அப்பத்தாவின் தம்பி அங்கே கிடக்கிறார். எங்கள் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும்தான் போனார்கள். தங்கவயலுக்குப் போன தமிழர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்தவர்கள். அவர்களோடு சித்தூர்ச் சீமைக்காரர்களும் உண்டு. கண்மாய் வறண்டு கிடந்த ஓர் ஆண்டில், வடக்கிலிருந்து வந்த ஒரு மேஸ்திரியின் பேச்சைக் கேட்டு இவர் மட்டும் திசை மாறிப் போய்விட்டார். ஆண்டுக்கு இரண்டு மூன்று மணியார்டர் வரும். கடைசியாக வந்ததன் கூப்பனை அப்பத்தா தன் சுருக்குப்பையில் வைத்திருந்து, பிறகு என் தகப்பனாரிடம் கொடுத்து, இப்போது அது என்னிடம் இருக்கிறது. உள்ளங்கை அகலமே உள்ள அந்தத் துண்டில், யாரோ ஒருவர் அவருக்காக எழுதிய கையெழுத்தில், ‘ரூ. 5 அனுப்பியிருக்கிறேன், ஊரில் மழை உண்டா, எனக்கு இருமல் விடவில்லை’ என்ற மூன்று செய்திகள் இருக்கின்றன. கீழே பெயர், பெயருக்குக் கீழே ஓர் எண், அதன் கீழே சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கத்தின் பெயர். 1943ஆம் ஆண்டுத் தபால் முத்திரை பாதி அழிந்திருக்கிறது.

அடுத்த ஆண்டு திருப்பத்தூர்க்காரர் ஒருவர் (எங்கள் திருப்பத்தூர் இல்லை, ஜோலார்பேட்டைக்குப் பக்கத்துத் திருப்பத்தூர்) விசாரித்துக்கொண்டு வந்து, தம்பி போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும் தங்கவயலின் மாரிக்குப்பத்துப் பக்கம் புதைத்தார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனாராம். எந்த மாதம், எந்த நாள் என்று கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. திதி தெரியாதவருக்கு அமாவாசைதான் என்று பெரியவர்கள் முடித்துவிட்டார்கள். அப்பத்தா உயிரோடிருந்தவரை ஆடி அமாவாசைதோறும் ஓர் இலை கூடுதலாகப் போடுவார். அந்த இலையில் மட்டும் தண்ணீர்ச் சொம்பை முதலில் வைப்பார். இருமலோடு போன தம்பிக்குச் சோற்றுக்கு முன் தண்ணீர் வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

அந்த இருமல் என்னவென்று எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. தங்கவயலில் பொன் தனியாகக் கிடைப்பதில்லை. வெண்கல் என்று சொல்லும் குவார்ட்ஸ் பாறையின் நரம்புகளில் கண்ணுக்குத் தெரியாத அளவில் அது கலந்திருக்கும். அந்தப் பாறையைத் துளைத்து, வெடி வைத்து, நொறுக்கி, ஆலையில் மாவாக்கி, சயனைடு கரைசலில் ஊறவைத்துத்தான் பொன்னைப் பிரித்தார்கள். துளையிடும்போது கிளம்பும் பொடி நெஞ்சுக்குள் போய்த் தங்கினால் வெளியே வராது. சில ஆண்டுகளில் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும், மூச்சு வாங்கும், அதன்மேல் எலும்புருக்கியும் வந்து சேரும். இந்தியாவில் சிலிகோசிஸ் என்ற நோய் முதன்முதலில் மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டது 1934இல், இதே தங்கவயலில்தான். 1940இல் மைசூர் அரசு இந்நோய்க்கென்றே விதிகள் வகுத்தது. அதையடுத்த ஆறேழு ஆண்டுகளில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்தபோது பத்துக்கு நான்கு பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது. மழை உண்டா என்று கேட்ட மனிதர் அந்தப் பத்தில் நான்கில் ஒருவராக இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

நோயில் போனவர்கள் ஒரு பக்கம். பாறையில் போனவர்கள் மறுபக்கம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்கு இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் அறுபது பாகைக்கு மேல் சூடு. அவ்வளவு எடையைச் சுமக்கும் பாறையில் ஓரிடத்தைக் குடைந்தால், சுற்றியுள்ள பாறை ஒரு நாள் எந்த முன்னறிவிப்பும் இன்றி வெடித்துச் சிதறும். ராக் பர்ஸ்ட் என்று அங்குள்ளவர்கள் ஒரே சொல்லாகச் சொல்கிறார்கள். 1898 முதலே பதிவாகியிருக்கும் இந்த வெடிப்புகள் 1952இலும் 1962இலும் பெரிய அளவில் நிகழ்ந்தன. தரை அதிர்ந்தவுடன் அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு, தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து பெண்கள் சுரங்க வாயை நோக்கி ஓடுவார்கள் என்று, அப்படி ஓடிய ஒரு மூதாட்டியே என்னிடம் சொன்னார். ‘பாத்திரம் குலுங்குனா, யார் வீட்டுக்காரரு எந்த ஷிப்டுன்னுதான் முதல்ல நெனப்பு வரும் ஐயா’ என்றார்.

சென்ற ஆண்டு நான் நேரில் போயிருந்தேன். காரைக்குடியில் ஏறிச் சென்னை வழியாகப் பங்காருப்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து மாரிக்குப்பத்துக்குப் போகும் கிளைப்பாதை ரயிலில் ஏறினால், பெட்டி முழுவதும் தமிழ்ப் பேச்சு. சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊரின் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். அவர்களுடைய தாத்தாக்களைக் கொண்டுவந்து சேர்த்த தண்டவாளத்தில் இப்போது போக்கும் வரவும் மறுபடி நடக்கின்றன.

ரயிலில் பழகிய ஓர் இளைஞர் என்னை ஓர் இடுகாட்டுக்கு அழைத்துப் போனார். உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் மண்டிக் கிடந்த சரிவு. மண்மேடுகள் பெரும்பாலும் கரைந்து, எது மேடு எது தரை என்று கால் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. ஓரிடத்தில் இரண்டு இரும்புக் குழாய்த் துண்டுகளைக் கம்பியால் கட்டிச் சிலுவையாக நட்டிருந்தார்கள். கம்பி நெகிழ்ந்து குறுக்குத் துண்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. நான் அதை நிமிர்த்தப் போனேன். அந்த இளைஞர், ‘வேண்டாம் ஐயா, தொட்டால் கையோடு வந்துவிடும்’ என்றார். அதில் பெயர் எழுதியிருந்த தடம் வெள்ளைப் பெயின்ட் பொட்டுகளாக இருந்தது. ஒரு ‘ரா’வும் ஒரு ‘ள்’ளும் மட்டும் எனக்குத் தென்பட்டன. சற்றுத் தள்ளி, எனாமல் குவளை ஒன்று தலைமாட்டில் கவிழ்த்து வைத்தபடி துருவேறியிருந்தது. அவ்வளவுதான் அந்தச் சரிவில் நான் படித்த எழுத்து.

அதே ஊரில் ஆங்கிலேயர்களின் கல்லறைத்தோட்டமும் உண்டு. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்து சுரங்கத்தை எடுத்து நடத்தத் தொடங்கியபின் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்க மேலாளர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் அங்கே கல்வெட்டோடு இருக்கிறார்கள். பிறந்த ஊர், பிறந்த நாள், இறந்த நாள், ஒரு வசனம் எல்லாம் கல்லில் உண்டு. அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்களும் வீட்டை விட்டு வந்து செத்தவர்களே. தொழிலாளர்களிலும் 1946 நவம்பர் 4 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஆறு பேரை ஊர் மறக்கவில்லை. கல்லும் இல்லாமல் கூட்டமும் இல்லாமல் இருமியும் நசுங்கியும் ஒவ்வொருவராகப் போனவர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்தப் பயணத்தில் ஓர் அலுவலகத்துக்கும் போனேன். எதுவென்று குறிப்பிட விரும்பவில்லை. கூப்பனைக் காட்டி, இந்த எண்ணுக்குரியவரின் இறப்பு எங்கேனும் பதிவாகியிருக்குமா என்று கேட்டேன். அங்கிருந்தவர் மரியாதையாகவே பேசினார். அப்படி எந்தப் பதிவேடும் இல்லை என்றார். நான் எழுந்திருக்கும்போது, இருந்தாலும் கரையான் அரித்திருக்கும், எடுத்துப் பார்க்க ஆளில்லை என்றார். இல்லாத பதிவேட்டைக் கரையான் எப்படி அரிக்கும் என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. வயதின் காரணமாகக் கேட்காமல் வந்துவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதிக் கேட்கிறேன்.

பதிவேடு இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது ஆசையால் அன்று. தங்கவயல் நிர்வாகத்தைப் போல் ஆட்களை எண்ணி வைத்த நிர்வாகம் தென்னிந்தியாவில் வேறு குறைவு. 1930இல் தொழிலாளர் ஒவ்வொருவரையும் கைரேகை பிடித்துப் பதிவு செய்ய முற்பட்டபோதுதான் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். திருடனுக்குத்தானே ரேகை என்று அவர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் உயிரோடிருந்தவனின் பெருவிரலைக் கேட்ட நிர்வாகம், அவன் செத்த நாளைக் குறித்து வைக்கவில்லை என்று சொன்னால் எந்தக் கணக்கனும் நம்ப மாட்டான். கூலிப் பட்டியலில் ஒரு பெயர் அடிக்கப்பட்டால் அதற்கு எதிரே காரணம் எழுதப்பட்டிருக்கும். ஆஸ்பத்திரி இருந்தது, ஆகவே இறப்புப் புத்தகம் இருந்தது. 1940க்குப் பின் நோய்க்கு இழப்பீடு இருந்தது, ஆகவே மருத்துவச் சோதனைக் கோப்பு இருந்தது. சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசுக்கும், 1962இல் மத்திய அரசுக்கும், 1972இல் அமைக்கப்பட்ட பொதுத்துறை நிறுவனத்துக்கும் கைமாறியபோதெல்லாம் நாற்காலி மேசைக்கே பட்டியல் போட்டிருப்பீர்கள். இந்தப் புத்தகங்களுக்குப் போடாமலா இருந்திருப்பீர்கள்?

இப்போது அவசரம் எதற்கு என்றால், மண்மேடுகளுக்காக. ஆலையில் அரைத்துப் பொன் எடுத்தபின் கொட்டிய மாவு மண் அந்த ஊரைச் சுற்றி மலைகளாக நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் வீட்டுச் சோற்றுப்பானை வரை வருகிறது. அவற்றுள் 13 மேடுகளை, ஏறத்தாழ 1,000 ஏக்கரில் 3 கோடியே 30 லட்சம் டன் மண்ணை, மறுபடி கிளறி மிச்சப் பொன்னை எடுப்பதற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்திருக்கிறது. ஒரு டன் மண்ணில் ஒரு கிராமுக்கும் குறைவான பொன்தான் இருக்கிறதாம். அந்தக் கிராமின் பின்னம் வரை சோதித்து எழுதி வைத்திருக்கிறீர்கள். நல்ல கணக்கு, குறை சொல்லவில்லை. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் பொன் வெளியே போனதற்கும் வரிசையாகக் கணக்கு இருக்கிறது. வேலை கிடைத்தால் அந்த ஊருக்கு நல்லதே. நான் தடுக்கச் சொல்லவில்லை. லாரியும் புல்டோசரும் வரும்போது பாதை வேண்டும், கொட்டகை வேண்டும், எல்லைக்கல் இல்லாத புதர்ச்சரிவு எதுவாயினும் வெற்றுநிலம் என்றே வரைபடத்தில் விழும். அந்த மேட்டு மண்ணில் ஒரு பங்கைத் தம் நெஞ்சில் எடுத்துக்கொண்டு போனவர்கள் கிடக்கும் நிலம் அது.

பெயரைப் பதிந்து வைப்பதில் எங்கள் சீமைக்கு ஒரு பெருமை உண்டு. நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள். கல்யாணம் ஆனவுடன் புதுத் தம்பதி அவரவர் கோயிலில் ஒரு புள்ளியாக, அதாவது தனிக் குடும்பக் கணக்காக, ஏறிவிடுவார்கள். செத்தவர்களை வருந்தி அழைத்துப் படைப்பு வைக்கும்போது ஒரு பெயரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஊரில்தான், பர்மாக் கடைகளின் சிவப்புத்துணி அட்டைப் பேரேடுகள் பழைய பேப்பர்க் கடைத் தராசில் ஏறியதையும் நான் பார்த்தேன். தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்; ஒரு கட்டுப் பேரேட்டையாவது விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கலாம்; வாங்கவில்லை. 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களில் வழியில் விழுந்தவர்களின் பெயர்கள் அந்தக் கட்டுகளில் எத்தனை போயினவோ. அதனால் உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதியில் நின்று நான் எழுதவில்லை. ஒரு முறை தவறவிட்டவன் எழுதுகிறேன்.

வேலை எப்படி நடக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் புத்தகங்களையும் முதலில் படம் பிடித்துவிட வேண்டும், படிப்பது பிறகு. ஆங்கில எழுத்தர்கள் தமிழ்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். ஒரே முனியன் ஏழு விதமாக இருப்பான்; ஏழு முனியர்கள் ஒரே விதமாக இருப்பார்கள். தகப்பன் பெயர், ஊர், தொழிலாளர் எண் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் பிரியும். இடுகாடுகள் சாதிவாரியாகவும் மதவாரியாகவும் தனித்தனியே இருக்கின்றன. அயோத்திதாசப் பண்டிதரின் காலத்திலேயே மாரிக்குப்பத்தில் வேரூன்றிய பௌத்தர்கள் உட்பட ஒவ்வொரு பிரிவிலும் எந்தக் குடும்பம் எந்த மூலையில் என்று சொல்லத் தெரிந்த கிழவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லி அளக்க வேண்டும். அவர்களுக்கு வயது என்ன என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பிரதி எடுக்க ஆளில்லை என்றால் நான் வருகிறேன். கண்ணாடி போட்டால் கண் நன்றாகத் தெரிகிறது. பழைய கையெழுத்து எனக்குப் பழக்கம். சாப்பாட்டுச் செலவு என்னுடையது. கூப்பனின் இரு பக்கங்களையும் நகலெடுத்து இந்த மடலின் தபால் பிரதியோடு இணைத்திருக்கிறேன். 1943க்கும் 1944க்கும் இடையில் உள்ள புத்தகங்களைத் திறக்கும்போது அந்த எண்ணை முதலில் பார்த்துச் சொன்னால் நலம். ஆங்கிலத் தேதி கிடைத்தால் போதும். அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தை வைத்துத் திதியை நான் கண்டுகொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
காரைக்குடி வட்டம்.