அணியும் கணினி: சில்லின் சிக்கனமும் ஒட்டுப்பசையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைக்கடிகாரமும் மோதிரமும் கணினியாகிவிட்டதைப் பற்றி எழுதுவோர் பலரும் சில்லுகள் (சிப்) சிறுத்துப்போனதையே அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். கணித அறிஞர்களான எட்வர்ட் தார்ப்பும் கிளாட் ஷானனும், சூதாட்ட விடுதியின் ரூலெட் சக்கரத்தில் பந்து விழும் இடத்தைக் கணிக்க உருவாக்கி, 1961-இல் சோதித்துப் பார்த்த கருவியே சிகரெட் பெட்டி அளவில்தான் இருந்தது. 1975-இல் கால்குலேட்டர் பொருத்திய கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அதன் சிவப்பு எல்.இ.டி. எண்கள் பேட்டரியை உறிஞ்சிவிடும் என்பதால், பொத்தானை அழுத்தினால்தான் மணியே தெரியும். பெரிய தடை அளவன்று, மின்சாரம்தான் என்பதற்கு அந்தப் பொத்தானே சாட்சி.

சில்லு இயங்கும்போது செலவாகும் மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 5 வோல்ட்டில் இயங்கிய சுற்று 1 வோல்ட்டில் இயங்குமானால், மற்றவை மாறாதிருக்க, செலவு 25-இல் ஒரு பங்காகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கனம் உறக்கத்தில் இருக்கிறது. இன்றைய நுண்கட்டுப்படுத்தி, அதாவது இக்கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சில்லு, பெரும்பாலான நேரம் உறங்கிக் கிடந்து, கண நேரம் விழித்து, நாடித்துடிப்பை அளந்துவிட்டு மீண்டும் உறங்குகிறது. நாணய வடிவிலான சி.ஆர். 2032 பேட்டரியில் ஏறத்தாழ 220 மில்லிஆம்பியர்-மணி மின்னூட்டம் உண்டு. சராசரியாக 10 மைக்ரோஆம்பியர் மட்டுமே எடுக்கும் உணரி (சென்சார்), கணக்குப்படி, அதைக்கொண்டு இரண்டரை ஆண்டு ஓடலாம். 2010-இல் வந்த புளூடூத் 4.0 தரத்தின் குறைமின் முறை, வானொலி அலையில் தகவல் அனுப்புவதையும் இந்தச் சிக்கனத்துக்குள் கொண்டுவந்தது. அசைவை அளக்கும் முடுக்கமானி போன்ற உணரிகள், முதலில் கார்களின் காற்றுப்பைகளுக்காகவும் பின்னர் கைபேசிகளுக்காகவும் பெருமளவில் தயாரிக்கப்பட்டதால் மலிந்தன.

இவ்வளவு சிக்கனமாகச் செய்த கருவியைப் பேட்டரி தளர்ந்ததும் குப்பையில் போட வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. என் ஸ்மார்ட்வாட்ச் மூன்றாம் ஆண்டில் காலையில் ஏற்றிய சார்ஜ் மாலைவரைகூடத் தாங்காமல் நின்றது. பழுதுபார்ப்பவர் திரையின் விளிம்பைச் சூடாக்கி, அதை ஒட்டியிருந்த பசையை இளக்கிக் கொண்டிருக்கும்போதே கண்ணாடி மூலையில் கீறல் விழுந்தது. உள்ளே சில்லும் உணரிகளும் பழுதின்றி இருந்தன. மாற்ற வேண்டியிருந்தது தபால்தலை அளவிலான பேட்டரி ஒன்றுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரி விதிமுறை, சில விலக்குகளுடன், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவு 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. நீர் புகாமல் காக்கவே பசை என்று தயாரிப்பாளர்கள் வாதிடக்கூடும். ஆனால் திருகு மூடியும் ரப்பர் வளையமும் கொண்ட சாதாரணக் கைக்கடிகாரங்கள் பல பத்தாண்டுகளாக நீரையும் தடுத்து, பேட்டரி மாற்றவும் வழிவிட்டு வருகின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்