ஆய்வுகூடத்தைக் காணாத ஆசிரியர் ஆராய்ச்சியை எப்படிப் படிப்பிப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹட்டன் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். மூலக்கூற்று உயிரியல் அலகில் டி.என்.ஏ. துண்டைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பீ.சீ.ஆர். முறை வருகிறது, டி.என்.ஏ. துண்டுகளை ஜெல்லில் பிரிப்பது வருகிறது, எல்லாவற்றையும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன், ஆனால் அந்தக் கருவிகளில் ஒன்றைக்கூட என் கையால் இயக்கியதில்லை. போன வருடம் ஒருநாள் செயலமர்வுக்குக் கூப்பிட்டார்கள். காலையிலிருந்து மாலை வரை திரையில் படம் காட்டினார்கள், பாதி விளக்கம் சிங்களத்தில். ஒரு குழாயியை (பிப்பெட்டை) கூட யாரும் எங்கள் கையில் தரவில்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் அப்படி. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயால் மாதா மாதம் இரத்தம் ஏற்றும் அண்ணன் உள்ள ஒரு பிள்ளை, "நாலில் ஒன்று என்றால், ஒரு பிள்ளைக்கு வந்த பிறகு மற்ற மூன்றும் சுகமாகத்தானே டீச்சர் பிறக்கும்?" என்று கேட்டாள். பெற்றோர் இருவரும் காவிகளாக, அதாவது தங்களுக்கு நோய் இல்லாமல் அதன் பரம்பரையலகை (ஜீனை) சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக நாலில் ஒரு வாய்ப்பு, முன்னால் பிறந்த பிள்ளையை அது கணக்கில் எடுக்காது. ஐந்து ரூபாய்க் குற்றி இரண்டைக் கொடுத்து, இரண்டும் தலையாக விழுவதுதான் அந்த நாலில் ஒன்று என்று நூறு தடவை சுண்டச் சொன்னேன், விளங்கிக்கொண்டாள். அப்புறம் கேட்டதுதான் என்னைத் திணற வைத்தது. 2023இல் பிரித்தானியாவில் இந்த நோய்க்கு, டி.என்.ஏ.யைக் குறித்த இடத்தில் வெட்டி மாற்றும் கிரிஸ்பர் சிகிச்சை ஒன்றை அனுமதித்தார்களாமே, அது எப்படி வேலை செய்கிறது என்றாள். நோயாளியின் குருதிக் கலங்களை உண்டாக்கும் தண்டுக்கலங்களை எடுத்து, கருவில் இருக்கும்போது உண்டாகும் ஈமோகுளோபினை அவை மறுபடி உண்டாக்கும்படி மாற்றித் திருப்பி ஏற்றுகிறார்கள் என்று வாசித்ததைச் சொன்னேன். "வெட்டுவதைச் சரியான இடத்தில் வெட்டினோம் என்று எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குப் பதில் ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறது.

தூரத்துக்குப் போகவும் தேவையில்லை. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் நமக்குப் பக்கத்தில், தலவாக்கலையில் இருக்கிறது. விதைத் தேயிலை மலையில் ஒரு செடியைப் போல் இன்னொன்று இருக்காது, தவரணையில் தண்டு நட்டு வளர்த்த வீ.பீ. மலையில் ஒரு தாய்ச் செடியிலிருந்து வந்தவை எல்லாம் ஒரே பரம்பரையலகுகளோடு நிற்கும். கொழுந்து பறிக்கும் அம்மாவின் பிள்ளைக்குப் பிறப்புரிமையியலை விளக்க இதைவிட என்ன வேண்டும்? மெண்டலின் பட்டாணியை எங்கள் பிள்ளைகள் படத்தில்தான் பார்க்கிறார்கள்.

கல்வி அதிகாரிகளிடம் நான் கேட்பது இதுதான்: ஓகஸ்ட் அல்லது டிசம்பர் விடுமுறையில் ஐந்து நாள், தலவாக்கலையிலோ பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ, ஆராய்ச்சி செய்கிறவர்களோடு நின்று நாங்களே டி.என்.ஏ. பிரித்து, பிழைவிட்டு, மறுபடி செய்து பார்க்க வேண்டும், விளக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். பாடசாலைக்குத் திரும்பியதும் கருவி இல்லையே என்று கைகட்டி நிற்க மாட்டோம். வெங்காயம், உப்பு, பாத்திரம் கழுவும் திரவம், குளிரூட்டிய ஸ்பிரிட் இருந்தால் டி.என்.ஏ.யை வெள்ளை நூலாக வகுப்பிலேயே காட்டலாம், அதை இப்போதும் செய்கிறேன். பஸ் காசு நான் போட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் இன்னும் நான்கு ஆசிரியர்கள் வரத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்.