நட்சத்திரம் போடுவதற்கு முன்: கண்டாங்கி வாங்குவோருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அமேசானில் எங்களிடம் கண்டாங்கி வாங்குகிறவர்களில் பலர், சேலையைப் பற்றிய கருத்தை விற்பவர் மதிப்பீட்டில் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு. சேலை எப்படி என்பதைப் பொருளின் பக்கத்தில் எழுத வேண்டும். விற்பவர் மதிப்பீடு கடைக்கானது: காட்டிய சேலையையே அனுப்பினோமா, சொன்ன நாளில் அனுப்பினோமா, கேட்டதற்குப் பதில் சொன்னோமா.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. அங்கே 4, 5 நட்சத்திரம் நல்லது, 3 நடுநிலை, 1, 2 குறை. 60 நாள் ஆர்டர்களில் குறை மதிப்பீடும் புகாரும் வந்தவை 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்; தாண்டினால் கடையின் கணக்கையே முடக்கலாம். ஆயிரக்கணக்கில் விற்பவருக்கு ஒரு குறை பெரிதாகத் தெரியாது. அதே 60 நாளில் 80 சேலை அனுப்பும் கடைக்கு அந்த ஒன்றே 1.25 சதவீதம். சிறு கடைகளையும் இதே அளவுகோலால் அளப்பது நியாயமில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

அதற்காகக் குறையை மறைக்கச் சொல்லவில்லை. 'ஐந்து நட்சத்திரம் போட்டால் பணம்' என்ற சீட்டு எங்கள் பார்சலில் இருக்காது. விற்பவரே வாங்கியவர்போல விமர்சனம் எழுதுவதை 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடுக்கின்றன. இணைய விமர்சனங்களுக்கென்றே 2022இல் ஐஎஸ் 19000 என்ற இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது.

எது உண்மையான குறை? நிறம் வேறாகத் தெரிந்தால் பகலில் ஜன்னலோரம் விரித்துப் பாருங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கடுகு நிறம் ஆரஞ்சாகத் தெரியும், கருநீலம் கருத்துவிடும். பகலிலும் வேறாக இருந்தால் தவறு எங்களுடையது. விரலில் தட்டுப்படும் சிறு முடிச்சு குறையல்ல. தறியில் இழை அறுந்தால் முடிந்துதான் நெய்வார்கள். ஓட்டை, இழை விட்டுப்போன கோடு, கறை இவை குறைதான். முதல் இரண்டு மூன்று முறை தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊறப்போடாமல் அலசுங்கள். தண்ணீரில் லேசாகச் சாயம் இறங்கலாம். கரையின் சாயம் உடலில் உள்ள வெளிர் கட்டத்தில் ஏறினால் அது சாயக் குறை, படம் அனுப்புங்கள்.

தாமதத்துக்கு வருவோம். அமேசான் கிடங்கிலிருந்து போன ஆர்டர் என்றால், அதற்காக எங்களுக்கு விழும் குறையை அவர்களே கோடிட்டு அடித்துவிடுவார்கள். நாங்கள் தனிக் கூரியரில் அனுப்பியதென்றால், கூரியர்காரர் மழையில் போட்டுவிட்டுப் போனாலும் எங்கள் கணக்குதான். பார்சல் கிழிந்தோ நனைந்தோ வந்தால், பிரிப்பதற்கு முன் முகவரிச் சீட்டும் ஒட்டிய டேப்பும் சேர்ந்து தெரிய ஒரு படம் எடுங்கள். அது இருந்தால்தான் கூரியரிடம் பேச முடியும்.

விற்பவர் மதிப்பீட்டுக்கு ஆர்டர் போட்டதிலிருந்து 90 நாள் இருக்கிறது, அவசரமில்லை. ஆனால் சேலையைத் திருப்பி அனுப்பும் கெடு அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். ஆகவே வந்த அன்றே முந்தானைவரை முழுதாக விரித்துப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கடையார்,
காரைக்குடி