சிறுவர்களுக்கான தொழில்வழிச் சிகிச்சையைப் பிரதேச மட்டத்துக்குக் கொண்டுவருமாறு கோரும் மனு

மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
வட மாகாணம்,
யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆதார வைத்தியசாலைகளில் சிறுவர்களுக்கான தொழில்வழிச் சிகிச்சைக் கிளினிக்கை ஒழுங்காக நடத்தவும், அச்சிகிச்சை வீட்டையும் பாடசாலையையும் சென்றடையவும் ஆவன செய்யக் கோரல்

வடமராட்சி, தென்மராட்சி, வலிகாமம், தீவகம் ஆகிய பகுதிகளில் வசிக்கும், வளர்ச்சித் தாமதமோ இயலாமையோ உள்ள பிள்ளைகளின் பெற்றோரும், அப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலரும் ஒன்றுசேர்ந்து இம்மனுவைத் தங்களிடம் சமர்ப்பிக்கிறோம். எங்கள் பிள்ளைகளுள் பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு இடர்ப்படும் நிலை) உள்ளவர்களும், ஓட்டிசம் உள்ளவர்களும், டவுண் சின்ட்றோம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். நோயின் பெயரென்று எதுவும் எழுதப்படாமல், 'கை பழகவில்லை', 'குழப்படி', 'கவனமில்லை' என்ற சொற்களோடு மட்டும் வளர்பவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது வகைப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அசைவுகளை ஒருங்கிணைப்பதில் இடர்ப்படும் பிள்ளைகள் பாடசாலை வயதினரில் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பேர் வரை இருக்கலாம் என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. அப்படியானால் ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒருவரேனும் இருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். அவர்களிற் பெரும்பாலோர் எந்தக் கிளினிக்கின் வாசலையும் கண்டதில்லை.

எலும்பு முறிவுக்கும் பாரிசவாதத்துக்கும் பின் பெரியவர்களுக்கு அளிக்கப்படும் சிகிச்சை என்ற அளவிலேயே தொழில்வழிச் சிகிச்சையைப் பலர் அறிந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு உண்பதும், உடுப்பதும், குளிப்பதும், மலசலகூடத்துக்குத் தனியே போய்வருவதும், விளையாடுவதும், எழுதுவதும்தான் அன்றாட வேலைகள். அவற்றைப் பிள்ளை தானே செய்யும்படி ஆக்குவதே இச்சிகிச்சையின் இலக்கு. கையின் பலம் எவ்வளவு, முழங்கை எவ்வளவு மடங்குகிறது என்பன இங்கே வழிகளாக மட்டுமே பார்க்கப்படுகின்றன. பிள்ளை காலையில் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு வெளிக்கிட்டதா என்பதே முடிவாகக் கணிக்கப்படுகிறது.

சட்டைத் தெறி பூட்டுவதையே எடுத்துக்கொள்வோம். பெரியவர்கள் யோசிக்காமல் செய்யும் இந்தக் காரியத்துக்கு உடல் சாயாமல் நிற்க வேண்டும். இரண்டு கைகளும் வெவ்வேறு வேலையை ஒரே நேரத்திற் செய்ய வேண்டும். பெருவிரலும் சுட்டுவிரலும் சிறிய பொருளொன்றை நழுவவிடாமல் பிடிக்க வேண்டும். கண் பார்க்கும் இடத்துக்கு விரல் போக வேண்டும். எதற்குப் பின் எது என்ற ஒழுங்கு மனதில் நிற்க வேண்டும். முதல்முறை தவறினால் அழாமல் மறுபடி முயலும் பொறுமையும் வேண்டும். சிகிச்சையாளர் பிள்ளையின் அருகிலிருந்து பார்த்து, இவற்றுள் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார். ஒரு பிள்ளைக்கு விரற்பிடி குறை. இன்னொரு பிள்ளைக்கு விரலிற் குறையே இல்லை, நிற்கும்போது உடல் தள்ளாடுவதால் ஒரு கை சுவரைப் பிடிப்பதிலேயே செலவாகிவிடுகிறது. முதற்பிள்ளைக்குப் பெரிய தெறியும் விரற்பயிற்சியும் தேவை. இரண்டாவது பிள்ளையை ஒரு வாங்கில் இருத்திவிட்டாலே பாதிக் காரியம் முடிந்துவிடும். இந்த வேறுபாட்டை நாங்களாகக் கண்டறிய முடியாது. 'பூட்டு, பூட்டு' என்று அதட்டுவதும், பாடசாலைக்குப் பிந்துகிறதே என்று கடைசியில் நாங்களே பூட்டிவிடுவதும்தான் வீடுகளில் நடக்கிறது.

பழக்கும் முறையிலும் நாங்கள் அறியாதவை பல உண்டு. முழு வேலையையும் சிறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியை மட்டும் முதலிற் பிள்ளையிடம் விடுவது அவற்றுள் ஒன்று. தெறியைத் துளைக்குள் பாதிவரை தாய் நுழைத்துவிட, மீதியை இழுத்தெடுப்பதைப் பிள்ளை செய்கிறது. வேலை முடிந்த மகிழ்ச்சி ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்கே கிடைப்பதால் அடுத்த நாளும் முயல விரும்புகிறது. பின்னர் கடைசியிலிருந்து இரண்டாவது படி, அதற்கு முந்தியது என்று பொறுப்பு மெல்ல மெல்லப் பிள்ளையின் கைக்கு மாறுகிறது. சிகிச்சையாளர் ஒருவர் ஒரு தடவை செய்துகாட்டினால் எழுத்தறியாத பேத்தியாரும் இதைத் தொடரலாம்.

உணவு உண்பது அதைவிடப் பெரிய விடயம். எங்கள் வீடுகளிற் சோற்றையும் கறியையும் கையாற் பிசைந்து, உருட்டி, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவதே சாப்பாடு. பெருமூளை வாதமுள்ள பிள்ளை கால்கள் அந்தரத்தில் தொங்க உயரமான கதிரையில் இருந்தால் உடல் முழுவதும் விறைத்துக்கொள்ளும். அந்த நிலையிற் கையும் வாயும் ஒத்துழைப்பதில்லை. பாதம் பலகையில் ஊன்றி, இடுப்பும் முழங்காலும் மடங்கி, முழங்கை மேசையிற் படியும்படி இருக்கையைத் திருத்தினால் அதே பிள்ளை நாலு வாய் தானே அள்ளி உண்பதைக் காணலாம். படுக்கவைத்தோ தலையைப் பின்னே சாய்த்தோ ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுக்குள் போய் நெஞ்சுச் சளியும் நிமோனியாவும் வரக்கூடும் என்பதால், இது பிள்ளையின் உயிரோடும் தொடர்புடைய விடயமாகும். இதற்கு வேண்டிய இருக்கையை ஊர்த் தச்சர் ஒருவர் பலகையாற் செய்துவிடுவார். கரண்டிப் பிடியைத் தடிப்பாக்கப் பழைய சைக்கிள் ரியூப்பும் துணியும் போதும். அளவு சொல்ல ஒருவர் வேண்டும் என்பதே எங்கள் குறை.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சந்திக்கும் இடர் வேறு வகையானது. தலைமயிர் வெட்டுவதும் நகம் வெட்டுவதும் சில பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத வேதனையாக இருக்கின்றன. சட்டையின் கழுத்துப்பட்டி உரசினாலே சட்டையைக் கழற்றி எறிகிறார்கள். பாடசாலை மணியும், திருவிழாவில் தவிலும் வெடியும் ஒன்றாக முழங்குவதும் கேட்டாற் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். இதை அடம் என்று கருதி அடித்த வீடுகளும் உண்டு. எந்த ஒலி, எந்தத் தொடுகை, எந்த நேரம் பிள்ளையை நிலைகுலைக்கிறது என்று கவனித்துக் குறித்து, சூழலை அதற்கேற்ப மாற்றவும், அடுத்து நடக்கப்போவதைப் படங்களால் முன்கூட்டியே காட்டவும் சிகிச்சையாளர்கள் கற்பிக்கிறார்கள். கழுத்துப்பட்டியின் அட்டையை வெட்டி எடுத்துவிடுவது போன்ற சின்ன மாற்றமொன்று பல மாத அழுகையை நிறுத்தியதை எங்களுள் ஒருவர் வீட்டிற் கண்டிருக்கிறோம்.

எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் சமூகத்தில் மூன்று வயதிலேயே பென்சிலைக் கொடுத்து எழுத வைப்பதும், தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சையை மனதில் வைத்து முன்பள்ளியிலேயே ரியூசனைத் தொடங்குவதும் வழக்கமாகிவிட்டன. ஆனால் வளைவும் சுழியும் நிறைந்த தமிழ் எழுத்தை எழுதுவதற்குத் தோளும் மணிக்கட்டும் முதலில் உறுதிப்பட வேண்டும், விரல்கள் தனித்தனியாக அசையப் பழக வேண்டும். மண்ணில் விளையாடுவது, மாப் பிசைவது, கயிற்றைப் பிடித்து ஏறுவது, பூக் கோப்பது ஆகியவற்றால் வரும் பலம் அது. அந்தப் பலம் வருமுன் கையைப் பிடித்து எழுத வைத்தாற் பிள்ளைக்குக் கொப்பியின் மீதே வெறுப்பு வருகிறது. முன்பள்ளி ஆசிரியர்கள் இதைச் சுகாதாரத் துறையினரின் வாயிலிருந்து கேட்டால் ஏற்றுக்கொள்வார்கள். பெற்றோராகிய நாங்கள் சொன்னால் எடுபடுவதில்லை.

இனி, தற்போதைய நிலைக்கு வருகிறோம். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகரம் முப்பது கிலோமீற்றருக்கு அதிகமான தொலைவில் உள்ளது. நெடுந்தீவிலிருந்து வருபவர் குறிகட்டுவான் வரை ஒரு மணித்தியாலம் அளவில் கடலிற் பயணம் செய்து, பின்னர் பேருந்தில் ஏற வேண்டும்; கச்சான் காற்றுக் காலத்திற் கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. நடக்க முடியாத எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறுவது எளிதன்று என்பதால் பலர் ஓட்டோ பிடிக்கிறார்கள். நாட்கூலிக்குப் போகும் தகப்பனுக்கு அன்றைய உழைப்பும் போய்விடுகிறது. இத்தனைக்கும் பின் கிடைப்பது சனநெரிசலுக்கிடையே சில நிமிடங்களே. அடுத்த முறை வேறொருவர் இருப்பார். முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். சிகிச்சையாளர்களை நாங்கள் குறைகூறவில்லை. அவர்களின் தொகையும் வேலைச்சுமையும் எங்களுக்குத் தெரியும்.

எனினும், தூரத்தைக் காட்டிலும் முக்கியமான ஒரு காரணம் உண்டு. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளைப் பற்றிய அண்மைக்கால ஆய்வுகள், பிறர் பிடித்து அசைத்துவிடும் பயிற்சியைவிட, பிள்ளைக்குத் தேவையான அந்த வேலையையே, அது நடக்கும் இடத்திலேயே, திரும்பத் திரும்பத் தானாகச் செய்யவைக்கும் பயிற்சியே பலன் தருவதைக் காட்டியுள்ளன. கிளினிக் அறையின் மேசையிற் பழகிய பிள்ளை, வீட்டுக் கிணற்றடியில் வாளியைப் பிடிக்கத் தெரியாமல் நிற்கிறது. ஆகவே நகரத்திற் கிளினிக் நாட்களைக் கூட்டுவது மட்டும் எங்கள் குறையைத் தீர்க்காது. பிள்ளை வாழும் இடத்துக்குச் சிகிச்சையாளரின் கண் வரவேண்டும் என்பதே எங்கள் கோரிக்கையின் சாரம்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் இருப்பதை நாங்கள் அறிவோம். தங்கள் நிர்வாகத்தின் கீழுள்ள பருத்தித்துறை, சாவகச்சேரி, தெல்லிப்பழை, ஊர்காவற்றுறை வைத்தியசாலைகளிற் சிறுவர்களுக்கெனக் கிழமையில் ஒரு நாள் ஒதுக்கி, முன்கூட்டியே நேரம் குறித்து, ஒவ்வொரு பிள்ளையையும் ஒரே சிகிச்சையாளர் தொடர்ந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறோம். ஆளணி போதாதெனில், இருக்கும் சிகிச்சையாளர்களைச் சுழற்சி முறையில் அனுப்பலாம். நெடுந்தீவுக்கு மாதம் ஒருமுறை போனாலும் இன்றுள்ள நிலையைவிட எவ்வளவோ மேல். கிளினிக் நாளின் பிற்பகலைப் பாடசாலைகளுக்கும் முன்பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் செல்வதற்கென விட்டுவைக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறோம், ஏனெனில் நெருக்கடி வந்தால் முதலிற் கைவிடப்படுவது அந்தப் பிற்பகலாகவே இருக்கும். பாடசாலைப் பயணங்களுக்கு வலயக் கல்விப் பணிமனைகளின் விசேட கல்விப் பிரிவினரைச் சேர்த்துக்கொண்டால், பிள்ளை எந்த வாங்கில் இருக்க வேண்டும், எழுதுவதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம், சாய்பலகை வேண்டுமா என்பவற்றை அங்கேயே முடிவு செய்யலாம்.

ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் வீட்டிற் செய்ய வேண்டியவற்றை எளிய தமிழில் படத்துடன் ஒரு தாளில் எழுதித் தருவது பெரும் உதவியாக இருக்கும். பொதுச் சுகாதார குடும்பநல உத்தியோகத்தர்கள் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை நிரப்ப வீடு வரும் வேளையில், நிறையையும் உயரத்தையும் பார்ப்பதுடன், பிள்ளை கையைப் பயன்படுத்தும் விதத்தையும் தானே உண்ண முயல்கிறதா என்பதையும் கவனித்துச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கக் குறுகிய பயிற்சியொன்று அளிக்கலாம். ஒரு கையையே பாவிக்கும் ஒரு வயதுப் பிள்ளையை 'இடக்கைப் பழக்கம்' என்று விட்டுவிடுகிறோம். அவ்வயதில் ஒரு கையை முற்றாக ஒதுக்குவது ஒதுக்கப்படும் அந்தக் கையின் பக்கத்து உடலிற் பலவீனம் இருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அதை அப்போதே கண்டுகொண்டாற் செய்யக்கூடியது மிக அதிகம்.

இலங்கை 1991ஆம் ஆண்டு சிறுவர் உரிமைகள் சமவாயத்தையும், 2016ஆம் ஆண்டு இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியுள்ளது. பின்னையதன் 26ஆவது உறுப்புரை, இத்தகைய சேவைகள் இயன்றளவு ஆரம்பக் கட்டத்திலேயே தொடங்கப்பட வேண்டும் என்றும், கிராமப்புறங்கள் உட்பட மக்கள் வாழும் இடங்களுக்கு இயன்றளவு அண்மையிற் கிடைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. நாட்டின் சட்டத்திலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் உண்டு. நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை.

புதிய ஆளணிக்கான அனுமதி தங்கள் கையில் மட்டும் இல்லை என்பதும், பயிற்சிக்காகக் கொழும்புப் பக்கம் போக வேண்டியிருப்பதும் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆயினும் மாகாணத்தின் தேவையைக் கணக்கிட்டு, தமிழிற் பேசிப் பழக்கக்கூடிய சிகிச்சையாளர்களை இங்கு நியமிக்குமாறு மத்திய அமைச்சுக்குப் பரிந்துரைப்பது தங்களால் இயலும். தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியவற்றைக் கற்பிக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் தொழில்வழிச் சிகிச்சைக்கும் ஒரு கற்கைநெறியை ஆரம்பிக்கும் யோசனையைத் தாங்கள் முன்வைத்தால் அதற்குரிய பெறுமதி இருக்கும்.

முதற்கட்டமாக, மேற்கூறிய வைத்தியசாலைகளுள் ஏதேனும் ஒன்றில் ஆறு மாதங்களுக்கு இவ்வேற்பாட்டைச் செய்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் விரும்பும் மூன்று அன்றாட வேலைகளைக் குறித்துவைத்து, ஆறு மாத முடிவில் அவற்றுள் எவற்றைப் பிள்ளை தானாகச் செய்கிறது என்று பார்த்தாற் பலனை அளந்துவிடலாம். இருக்கைகள், சாய்பலகைகள், தடித்த பிடியுள்ள கரண்டிகள் ஆகியவற்றை ஊரிலேயே செய்விக்கும் செலவையும், பிள்ளைகளை அழைத்துவர வாகன ஒழுங்கையும் பெற்றோராகிய நாங்கள் பொறுப்பேற்கிறோம். இது பற்றி நேரிற் கலந்துரையாட எங்களுட் சிலருக்கு ஒரு நேரம் ஒதுக்கித் தருமாறும், இம்மனு கிடைத்தமையை எழுத்தில் அறியத்தருமாறும் தயவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோரும் ஆசிரியரும்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதிகள்:
மாகாணக் கல்விப் பணிப்பாளர், வட மாகாணம்
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், யாழ்ப்பாணம்